பதில் வரும் நேரம்

பூங்கோதையின் உடம்பில் ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் வேலை பார்த்த சவுண்ட் இன்ஜினியர்தான்.

இருபது வருடங்களுக்கு மேலாக அவள் டப்பிங் பேசி வந்தாள். பம்பாயிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வரும் கதாநாயகிகளுக்குத் தமிழ்க் குரல் அவளுடையது. அந்த நடிகைகள் அம்மா வேடத்துக்கு மாறியபோது அவளும் குரலைச் சற்றுக் கனமாக்கிக்கொண்டு கூடவே மாறினாள். திரையில் உதடு திறக்கும் கணத்தில் குரலும் திறக்க வேண்டும் என்பதுதான் அந்தத் தொழில். அதைப் பற்றி அவள் யோசித்ததுகூட இல்லை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு டேக்கிலும் குரல் கொஞ்சம் பிந்தி விழுந்தது.

"அக்கா, லேட்டா விழுது. இன்னொண்ணு போலாமா?" என்றார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்ஜினியர்.

பல முறை பார்த்த பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. நீங்க உதட்டப் பாக்குறீங்க, கரெக்டாத்தான் ஆரம்பிக்கறீங்க. ஆனா வாய்க்கு அது போய்ச் சேர நேரமாகுது. டாக்டரப் பாருங்க."

மழைக்காலம் முடிவதற்குள் அவளால் ரவிக்கைக் கொக்கியைப் போட முடியாமல் போயிற்று. தரையில் கால் படுகிறதா என்பதைக் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நரம்பியல் மருத்துவர் ரெஹானா அவள் முழங்கையில் ஒரு சின்ன அதிர்ச்சி கொடுத்து, அது விரலுக்குப் போய்ச் சேரும் நேரத்தை அளந்தார். பிறகு அவளையும் கணவர் தணிகாசலத்தையும் எதிரே உட்காரவைத்துக்கொண்டார்.

"நரம்பு கரண்டு கம்பி மாதிரின்னு சொல்வாங்க. முழுசாச் சரியில்ல. கம்பியில ஒரு பக்கம் கரண்டு விட்டா மறுபக்கம் வந்துரும். நரம்புல அது ஒவ்வொரு இடத்துலயும் புதுசா உண்டாகணும்."

"எப்படி உண்டாகும் டாக்டர்?" என்று கேட்டார் தணிகாசலம். அவர் குடிநீர் வாரியத்தில், ஒரு நீரேற்று நிலையத்தின் பொறியாளர். எதையும் குழாயாகவும் மோட்டாராகவும் மாற்றித்தான் அவரால் புரிந்துகொள்ள முடியும்.

"நரம்பு செல்லுக்கு வெளிய சோடியம் நிறைய இருக்கும், உள்ள கம்மி. உள்ள வர்ற சோடியத்த ஒரு பம்ப் ஓயாம வெளிய தள்ளிட்டே இருக்கு. அதனால உள்பக்கம் எப்பவும் கொஞ்சம் மைனஸ்ல நிக்கும். சேதி வந்ததும் செல்லோட சவ்வுல இருக்கற குட்டிக் கதவு தொறக்கும், சோடியம் உள்ள பாயும், அந்த இடம் ப்ளஸ் ஆயிடும். அதனால பக்கத்துக் கதவு தொறக்கும். அப்புறம் அடுத்தது. இப்படியே விரல் நுனி வரைக்கும்."

"வரிசையா ஷட்டர் தொறக்கற மாதிரி."

"அதேதான். தொறந்தது உடனே மூடிக்கும். பொட்டாசியம் வெளிய போய், அந்த இடம் பழையபடி மைனஸ் ஆகும். அடுத்த சேதிக்கு ரெடி."

பூங்கோதை குழறலாகக் கேட்டாள். "வலி ஜாஸ்தின்னா கரண்டும் ஜாஸ்தியா டாக்டர்?"

"இல்லம்மா. துடிப்பு எல்லாம் ஒரே அளவுதான். துடிக்கும், இல்லன்னா துடிக்காது. பெரிய வலின்னா அடிக்கடி துடிக்கும், அவ்வளவுதான்."

"வால்யூமே கிடையாதா?"

"கிடையாது."

அந்த நோயின் நடுவிலும் பூங்கோதைக்கு அது பிடித்திருந்தது. கத்தவும் தெரியாமல், கிசுகிசுக்கவும் தெரியாமல், ஒரே குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ஒன்று தனக்குள் ஓடுகிறது என்பது.

நோயை டாக்டர் இப்படி விளக்கினார். நரம்பைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. உறை உள்ள இடத்தில் கதவுகள் தேவையில்லை. உறைக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளிகளில் மட்டும் சேதி புதுப்பித்துக்கொண்டு, தாவித் தாவிப் போகும். பூங்கோதையின் உடம்பே அவள் உறையை அரித்துக்கொண்டிருந்தது. தாவிப் போக வேண்டியது நடந்து போனது. சில இடங்களில் வழியிலேயே நின்றது.

"ஒரு செயற்கை உறை இருக்கு. சோதனை நிலையிலதான் இருக்கு. முதுகுத் தண்டு நீர்ல ஊசியாப் போடணும். தானா நரம்பத் தேடிப் போய்ச் சுத்திக்கும். இதுவரைக்கும் ஒரு சிலருக்குத்தான் போட்டிருக்கோம்" என்றார் ரெஹானா.

"போடலன்னா?" என்றார் தணிகாசலம்.

ரெஹானா பூங்கோதையைப் பார்த்தார்.

*

ஊசி போட்ட பிறகு விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சித்திரைப் பிறப்பன்று அவள் தானே புடவை கட்டிக்கொண்டு, மருத்துவமனைப் படிகளில் பிடிமானமில்லாமல் இறங்கினாள். தணிகாசலம் கடைசிப் படியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். அது தேவைப்படவில்லை.

வேகம் பிறகுதான் வந்தது, மெல்ல மெல்ல. ஒரு காலையில் மின்விசிறியின் இறக்கைகள் மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மோட்டாரில் கோளாறு என்று நினைத்தாள். பால் பொங்கி மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி பார்த்தபோதும் அது வந்துகொண்டிருந்தது. மனிதர்களின் குரல்கள் தடித்தன. தெருவில் ஸ்கூட்டர்கள் தண்ணீருக்கடியில் போவதைப் போலப் போயின.

பிறகு அது நிலைத்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒரு மணி நேரமானது அவளுக்கு மூன்று மணி நேரமாக இருந்தது.

தணிகாசலம் நன்றாகப் பேசுவார். அலுவலகத்திலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். எந்த வால்வு எந்தத் தெருவில் அடைத்துக்கொண்டது, அதற்கு எந்தக் கவுன்சிலர் என்ன சொன்னார், அந்தக் கவுன்சிலரின் மாமனார் யார் என்று கிளை விட்டுப் போகும் கதைகள். பூங்கோதை அவற்றை ரசித்துக் கேட்டவள்தான். இப்போது அவர் "இன்னிக்கு" என்று தொடங்கினால், அடுத்த சொல் வருவதற்குள் அவள் அவருடைய சட்டைக் காலரின் நைந்த நூலைப் பார்த்து, அதைத் தைக்க வேண்டுமென்று நினைத்து, ஊசி எங்கே என்று யோசித்து, எடுத்த இடத்தில் வைக்காத பழக்கத்துக்காகத் தன்னைத் திட்டிக்கொண்டு, திரும்பி வந்தால், "சைதாப்பேட்டை" என்பதில் பாதிதான் வந்திருக்கும்.

முகத்தில் எதுவும் தெரியாமல் இருக்க அவள் முயன்றாள். வாக்கியத்தின் முடிவு முன்பே தெரிந்துவிட்டாலும் காத்திருந்தாள். சரியான இடத்தில் சிரித்தாள். ஆனால் கூடவே இத்தனை வருடம் வாழ்ந்தவரை ஏமாற்ற முடியவில்லை.

ஒரு நாள் கதையை நடுவிலேயே விட்டுவிட்டுத் தணிகாசலம் சொன்னார். "லிஃப்டுக்கு நிக்கறவங்க பாப்பாங்கல்ல, அப்படிப் பாக்குற கோதை."

"இல்லங்க. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"தெரியும். அதான் சொல்றேன்."

அதன் பிறகு அவர் கதைகள் குட்டையாயின. "இன்னிக்கு ஒண்ணுமில்ல" என்று ஒரு நாள். "அதே வால்வுதான்" என்று இன்னொரு நாள். அவளுக்காகத்தான் சுருக்கினார். சுருக்கச் சுருக்க வீட்டில் மௌனம் நீண்டது. அதுவும் அவளுக்கு மூன்று மடங்கு.

தன் உடம்பும் அவளைக் காக்க வைத்தது. கையைத் தூக்க நினைத்தால் அது தன் போக்கில்தான் மேலே வந்தது. தசைகளுக்குப் பழைய வேகம்தான். பேருந்து நிறுத்தம் வரை நடப்பது இடுப்பளவு நீரில் நடப்பதைப் போலிருந்தது. பாட்டுக் கேட்க முடியவில்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் பாட்டு காணாமல் போய்விட்டது. செல்போனில் வேகத்தைக் கூட்டிவைத்தால் ஓரளவுக்குக் கேட்க முடிந்தது. அதைக் கேட்டுத் தணிகாசலம் கதவைச் சாத்திக்கொண்டார்.

டப்பிங் தியேட்டரில் மட்டும் அவளைக் கொண்டாடினார்கள். உதடு பிரியத் தொடங்கும் முதல் அசைவே அவளுக்குத் தெரிந்தது. எதையும் இரண்டாம் முறை எடுக்க வேண்டியிருக்கவில்லை. பல நாள் வேலையை ஒரே நாளில் முடித்தாள். ஒரே படத்தில் அம்மா, மகள், பக்கத்து வீட்டுக்காரி எல்லோருக்கும் அவளையே பேசச் சொன்னார்கள். கூடப் பேசிக்கொண்டிருந்த பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி, கமலவேணி, வாசலில் அவளைப் பார்த்து, "உன்ன ஒண்ணும் சொல்லலடி. எங்களுக்கும் வீடு இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாக்கியம் முடிவதற்குள் பூங்கோதை எத்தனையோ பதில்களை யோசித்து, எதுவும் சரியில்லையென்று விட்டுவிட்டாள்.

*

"இவ்வளவு வேகம் வரக்கூடாது" என்றார் ரெஹானா, சோதனை முடிவுகளை விரித்துவைத்துக்கொண்டு. "உறை நல்ல உறைதான், இயற்கையா இருக்கறதவிட நல்லாத் தாவுது. ஆனா ஒரு நரம்புலேர்ந்து அடுத்த நரம்புக்குப் போக ஒரு இடைவெளி இருக்கு. அங்க மின்சாரம் நின்னுரும். ஒரு ரசாயனத்தக் கொட்டும், அது நீந்திப் போய் அந்தப் பக்கத்துக் கதவத் தட்டணும். அந்த நீச்சல உறையால வேகப்படுத்த முடியாது. உங்க மூளை தன்னோட கடிகாரத்தையே மாத்திக்கிட்டிருக்குன்னு நெனைக்கறோம். ஏன்னு தெரியல."

"மத்தவங்களுக்கும் இப்படித்தானா?"

"இல்ல. உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் மட்டும்தான். அவரு வெளியில உக்காந்திருக்காரு. பாக்கறீங்களா?"

உள்ளே வந்தவர் ஐம்பதை நெருங்கியிருந்தார். கறுத்து, தோள் அகன்று, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார். ரெஹானா, "இவரு எட்வின், ஹார்பர்ல" என்று சொல்லத் தொடங்கினார். அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் எட்வின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஃபேன் றெக்கைய எண்ணுவீங்களா?" என்று கேட்டார்.

பூங்கோதை வாய்விட்டுச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு, ஒருவருடைய பேச்சு அவளைக் காக்க வைக்காமல் வந்து சேர்ந்திருந்தது.

நாக்கு மட்டும் கொஞ்சம் வேகம் பிடித்திருந்தது; அதுவும் முழு வேகத்துக்கு வராததால் அவர்கள் சொற்களைப் பாதியில் விட்டார்கள். பாதியிலேயே மற்றவருக்குப் புரிந்தது. எட்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். கொக்கியில் தொங்கும் கண்டெய்னர் எந்தப் பக்கம் ஆடப்போகிறது என்பது இப்போது தனக்கு முன்கூட்டியே தெரிகிறது என்றார். மனைவி ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ். "தினம் போன் பண்ணுவா. 'சாப்டீங்களா'ன்னு அவ கேட்டு முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு வாட்டி அழுது முடிச்சிருப்பேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ரெஹானா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டது மரத்தில் பறவைகள் கத்துவதைப் போன்ற ஏதோ ஒன்று.

அன்றிலிருந்து அவர்கள் தினமும் போனில் பேசினார்கள். பெரும்பாலும் மாலையில், தணிகாசலம் குளித்துவிட்டு வருவதற்குள். எட்வின் தன் அப்பா கடலுக்குப் போனதையும் திரும்பாததையும் சொன்னார். பூங்கோதை தனக்குப் பிறந்து சில நாளே இருந்த குழந்தையைப் பற்றிச் சொன்னாள். அதைப் பற்றித் தணிகாசலத்திடம்கூட அவள் பேசியதில்லை. இருவருமே அதைத் தவிர்த்து வந்தார்கள். அவள் திரையில் குரல் கொடுத்த பெண்களில் யாரைப் போல இருக்க ஆசைப்பட்டாள் என்று எட்வின் கேட்டார். யாரும் கேட்காத கேள்வி அது. ஒருவரைப் போலவும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒருமுறை தணிகாசலம் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து நின்றார். அவள் போனை வைத்தாள்.

"பத்து நிமிஷம்தான் பேசியிருப்ப. அவ்வளவு சிரிச்ச. என்ன சொன்னாரு?"

"சும்மாதாங்க. வேலையப் பத்தி."

அவர் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு நகர்ந்தார். அவருக்கு அது பத்து நிமிடம். அவளோ அதற்குள், பாதிச் சொற்களிலேயே, ஒரு முழு மாலைப்பொழுதின் பேச்சை இன்னொருவரோடு பேசிவிட்டு வந்திருந்தாள். அதைச் சொல்லாமலிருப்பது பொய்யா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் அவருக்கு எப்படிப் புரிய வைப்பது என்றும் தெரியவில்லை.

*

ஐப்பசியில் ரெஹானா தணிகாசலத்தையும் சேர்த்து வரச் சொன்னார். டாக்டரின் மேசையில் இருந்த ஸ்கேன் படத்தில் சாம்பல் நிறக் கோடுகளுக்கிடையே அங்கங்கே கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

"நரம்பு அடிக்கடி துடிச்சா உள்ள வர்ற சோடியமும் அதிகம். அத வெளிய தள்ளற பம்புக்கு ஓய்வே இல்ல. உங்களுக்கு எப்பப் பாத்தாலும் பசிக்குதுன்னு சொன்னீங்கல்ல? அந்தப் பம்புகள்தான் தின்னுட்டிருக்கு. எவ்வளவு சாப்ட்டாலும் அதுக்குப் பத்தல."

தணிகாசலத்துக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை. "மோட்டார் எரிஞ்சுரும்" என்றார்.

"ஆமா. நரம்பு செல்லே செத்துரும். செத்ததுக்கு உறை போட முடியாது. அஞ்சு வருஷம் தாங்கலாம், பத்து வருஷம் தாங்கலாம். ஆனா இப்ப புதுசா ஒரு உறை வந்திருக்கு. வேகத்த அளவா வெச்சிருக்காங்க. இத எடுத்துட்டு அதப் போட்டா, மூளையும் தன்னோட பழைய கடிகாரத்துக்குத் திரும்பிடும்னு நம்பறோம். எட்வினுக்கும் சொல்லியாச்சு. சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

அடுத்த பரிசோதனைக்கு வந்தபோது மருத்துவமனை கேன்டீனில் பூங்கோதையும் எட்வினும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். டீ கொண்டு வருபவர் மேசையை நோக்கி வந்துகொண்டே இருந்தார்.

"பத்து வருஷம்னா நமக்கு முப்பது வருஷம்" என்றார் எட்வின். "அத யோசிச்சீங்களா? அவங்க கணக்குலதான் கம்மி. நம்ம கணக்குல நாம கெழவங்களாத்தான் சாவோம்."

"அப்புறம் கை கால் விழுந்து கெடக்கணும். அதுவும் மூணு மடங்கு."

எட்வின் மேசையைப் பார்த்தார். "அதுவும் உண்மைதான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"நீங்க பண்ணிக்கணும். உங்க வீட்டுக்காரரு இருக்காரு. நல்ல மனுசன். அன்னிக்கு வராண்டாவுல பாத்தேனே, உங்க பை, ஃபைல் எல்லாத்தையும் மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு."

"நீங்க?"

டீ வந்தது. எட்வின் கண்ணாடி டம்ளரை நகர்த்தி வைத்தார். "பாக்கலாம்" என்றார்.

வீட்டில் தணிகாசலம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சில நாள் பொறுத்துப் பூங்கோதையே கேட்டாள்.

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"நீ முடிவு பண்ணு."

"உங்களுக்குன்னு ஒண்ணு இருக்குமில்ல. சொல்லலாம்ல."

அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "சொல்லக்கூடாதுன்னு இல்ல கோதை. சொல்ல ஆரம்பிச்சா நீளமாப் போயிடும். நீ காத்திருக்கணும்."



அவள் பல நாள் யோசித்தாள். அவளுடைய பல நாள். திரும்பிப் போனால் அவளுக்கு ஒரு வீடு இருக்கிறது. எட்வினுக்கு? அவர் இந்த வேகத்திலேயே தங்கிவிட்டால், அவருடன் பேச உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். மஸ்கட்டிலிருந்து வரும் ஒரு வாக்கியத்துக்காக அவர் ஒவ்வொரு மாலையும் காத்துக் கிடப்பார். தானும் அப்படி இருந்தவள்தானே. எவருக்கும் அதைச் செய்யக்கூடாது என்று தோன்றியது. அவர்மேல் என்ன இருக்கிறது என்பதையும் அவள் தனக்குள் கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவளிடம் ஒரு பெயர் இல்லை. பாதிச் சொல்லில் தன்னைப் புரிந்துகொள்கிற ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை என்பதற்குமேல் எதுவும் தேவைப்படவுமில்லை.

அன்று மாலை போன் செய்தாள். எட்வின் சில நாட்களாகக் கூப்பிடவில்லை. வேலை அதிகம் என்று நினைத்திருந்தாள்.

"நான்தான். முடிவு பண்ணிட்டேன். மாத்திக்கல. இப்படியே இருந்துடறேன். ரெண்டு பேரும் இருந்துடலாம். டாக்டர்கிட்ட நாளைக்குச் சொல்லிடறேன். என்ன சொல்றீங்க?"

பதில் வரவில்லை.

லைன் துண்டித்துவிட்டதா என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இணைப்பு இருந்தது. மறுபடி காதில் வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டு மாடியில் ஒருத்தி துணியை உதறிக்கொண்டிருந்தாள். அந்தத் துணி மேலே எழுந்து, விரிந்து, வளைந்து, இறங்கத் தொடங்கியபோது பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது.

"மேடம்" என்று ஒரு தடித்த குரல் வந்தது. "கொஞ்சம்... மெதுவா... சொல்றீங்களா? ஒண்ணும்... புரியல."

அவள் மெதுவாகச் சொன்னாள். மற்ற எல்லோரிடமும் பேசுகிற அதே குரலில், ஒவ்வொரு சொல்லாக. "எப்பப் பண்ணிக்கிட்டீங்க?"

மறுபடியும் நேரமானது. அவள் காத்திருந்தாள்.

"போன வாரம். நீங்க வீட்டுக்காரருக்காக எப்படியும் பண்ணிக்குவீங்கன்னு நெனச்சேன். நான் இருக்கறேன்னு நீங்க தயங்கக் கூடாதுன்னுதான் மொதல்ல போயிட்டேன். பண்ணதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு." மூச்சு வாங்கியது. "நீங்க முன்னாடி என்ன சொன்னீங்க? முடிவு பண்ணிட்டேன்னு மட்டும்தான் காதுல விழுந்துச்சு."

எதிர் மாடியில் துணி கொடியில் விழுந்திருந்தது.

"நானும் பண்ணிக்கறேன்னு சொன்னேன்" என்றாள் பூங்கோதை.

*

உடனே அவள் போகவில்லை. மார்கழி வரைக்கும் இழுத்தடித்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போது, பாதிச் சொற்களில், முழு வேகத்தில் தனக்குத் தானே பேசிப் பார்த்தாள். கேள்வி வருவதற்குள் பதிலும் தெரிந்துவிட்டதால் அது பேச்சாகவே இல்லை. அவளுடைய வேகத்தில் புரிந்துகொள்ள உலகத்தில் இப்போது யாருமே இல்லை. தெருவில் நடக்கும்போது, தான் மட்டும் உயிரோடிருக்கும் ஒரு ஊருக்குள் நடப்பதைப் போலிருந்தது. கடைசியில் ஒரு காலை, தணிகாசலத்திடம், "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டாள். அவர் எதுவும் கேட்காமல் வண்டிச் சாவியை எடுத்தார்.

பழைய வேகத்துக்குத் திரும்பி வந்தபோது உலகம் அவள்மேல் பாய்ந்தது. பேருந்துகள் சீறிக்கொண்டு போயின. டிவியில் செய்தி வாசிப்பவர் மூச்சு விடாமல் கொட்டினார். நாள் தொடங்கியதும் முடிந்தது. சில வாரங்களில் அது பழகிவிட்டது. தணிகாசலம் மட்டும் பழையபடி ஆகவில்லை. "அதே வால்வுதான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்போது அவள் நீளமாகக் கேட்கத் தயாராக இருந்தாள். சுருக்கிப் பேசுவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

தை பிறந்து ஒரு பரிசோதனை நாளில் எட்வினை மருத்துவமனையில் பார்த்தாள். இருவரும் கேன்டீனுக்குப் போனார்கள். அவர் கொஞ்சம் பெருத்திருந்தார். ஸ்டெல்லா லீவில் வரப்போவதாகச் சொன்னார்.

"நல்லது" என்றாள். "எப்போ?"

"பங்குனியில."

"அப்போ நல்ல வெயிலா இருக்குமே."

"ஆமா. வெயில்தான்."

டீ சீக்கிரமே வந்துவிட்டது. அவள் டப்பிங் வேலை எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். கமலவேணியும் அவளுமாகப் பிரித்துப் பேசுவதாகச் சொன்னாள். துறைமுகத்தில் எப்படி என்று அவள் கேட்டாள். பரவாயில்லை என்றார். பிறகு இருவரும் டீயை ஆற்றினார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அவருடைய அப்பாவை அவளுக்குத் தெரியும். அவளுடைய குழந்தையின் பெயர் அவருக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு இந்த மேசையில் என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அது என்னவென்று அவளால் ஊகிக்க முடியவில்லை. அவர் சொல்லவுமில்லை.

"வரட்டுமா மேடம்?"

"சரி எட்வின் சார். ஸ்டெல்லாவக் கேட்டதாச் சொல்லுங்க."

அவர் வாசல்வரை போய், திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பூங்கோதை பேருந்து நிறுத்தத்துக்கு வந்தாள். நல்ல கூட்டம். பைக்குள் போன் அடித்தது. தணிகாசலம்.

"எங்க இருக்க?" என்றார்.

அவள் சொல்ல நினைத்தாள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் என்பது எளிய பதில்தான். ஆனால் குரலை வைத்துப் பிழைத்தவளுக்கு ஒரு சொல்லும் எழவில்லை. ஒரு பேருந்து வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. இன்னொன்றும் வந்து போனது. யாரோ அவள் தோளில் இடித்துவிட்டு, "பாத்து நில்லும்மா" என்று சொல்லிவிட்டு ஓடினார்கள்.

மறுமுனையில் அவர் "ஹலோ" என்று கேட்கவில்லை. லைன் போய்விட்டதா என்றும் கேட்கவில்லை. பின்னணியில் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.